திரும்பி வர ஒரு வழி

எஸ்.ஆர். ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சீக்கிரமே அந்த வேலை கசந்துபோனது. அப்போது வயது 31. சீர்காழிக்காரர். 1917 முதல் மங்களூர், கோவை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் நடத்தியவர். வகுப்பறை என்றால் உயிர், சம்பளம்தான் போதவில்லை. கூடுதல் சம்பளத்துக்காக வந்த இடத்தில் மாணவர்களும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. தாங்க முடியாமல் பழைய கல்லூரிக்கே போய், திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு கேட்டார்.

நாற்பதை நெருங்கும்போது பதவி உயர்வு நின்று, செய்யும் வேலையில் மனமும் ஒட்டாமல் தவிப்பவர்கள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கிறார்கள். இன்னும் உழை, புதிதாகக் கற்றுக்கொள், துணிந்து வெளியேறு என்று அவர்களுக்கு அறிவுரை சொல்கிறோம். ரங்கநாதனின் வாழ்க்கையையும் விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் காட்டுகிறோம். அது பாதிக் கதை. லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், வந்த பிறகும் பிடிக்காவிட்டால் ஆசிரியர் வேலை உங்களுக்கு உண்டு என்று அன்று அவருக்கு உறுதி கொடுத்தார்கள். மீதிக் கதை அந்த உறுதியில் இருக்கிறது.

பிழைப்பு போய்விடுமோ என்ற அச்சமின்றி அவரால் ஊர் சுற்றிப் பார்க்க முடிந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார். கிராய்டன் நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸ் வழிகாட்டினார். நூலகம் ஊர்மக்கள் எல்லோருக்கும் உரியதாக இயங்குவதை அங்கே கண்டார். புழக்கத்தில் இருந்த நூல் பகுப்பு முறைகளில் அவருடைய கணித மூளை குறை கண்டது. ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொருள்கள் உருவாகின்றன. நூலின் பொருளையும் இப்படிக் கூறுகளாகப் பிரித்து, குறியீடுகளால் இணைக்கலாம் என்று தோன்றியது. 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை அங்கிருந்து பிறந்தது. கைவிட்டு வந்ததாக அவர் ஏங்கிய கணிதம் நூலகத்திலும் கூடவே இருந்திருக்கிறது. வேறு ஊரில் நின்று பார்த்தபோதுதான் அது அவருக்கே தெரிந்தது.

1925-இல் திரும்பியவர் பழைய வேலையைக் கேட்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் அதே நூலகத்தில். 1928-இல் சென்னை நூலகச் சங்கம், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல், அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் அவருடைய உழைப்பில் வந்ததே.

தேங்கி நிற்பவரிடம் திறமை வற்றிவிட்டது என்று முடிவுகட்டுவது அநியாயம். அவருக்கு இல்லாதது பெரும்பாலும் அவகாசமும் பாதுகாப்பும்தான். இரண்டையும் தனியாளால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. நிறுவனங்களை நடத்துபவர்களே, இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை என்று ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால் உடனே ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். படித்து வரச் சில மாதம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். திரும்பி வந்தால் வேலை உண்டு என்பதை எழுத்தில் கொடுங்கள்.