எச்சரிக்கை எந்த மொழியில் ஒலிக்கும்?

பேரிடர் நெருங்கும் வேளையில் மக்களின் கைத்தொலைபேசிகளுக்கு அரசாங்கமே நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் முறை இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது. 2023 ஏப்ரல் 23 ஆம் திகதி பிரித்தானியா நாடளாவிய ஒத்திகை நடத்தியபோது, அங்கு வாழும் நம்மவர் பலரும் அந்த அலறலைக் கேட்டிருப்பர். இது வழக்கமான குறுஞ்செய்தி அன்று. குறுஞ்செய்தி ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியே செல்வது, நெரிசலில் தாமதமாவது. இதுவோ, கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள கைத்தொலைபேசிகள் அனைத்துக்கும் வானொலி போல ஒரேயடியாக ஒலிபரப்பப்படுவது.

ஆயினும் கருவி மட்டும் உயிர்காக்காது. 2024 ஒக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வானிலை நிறுவனம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. கைத்தொலைபேசிகள் ஒலித்ததோ இரவு 8.11 மணிக்கு! அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. 220 பேருக்கு மேல் மாண்டனர். பழுதுபட்டது கருவியன்று; முடிவெடுக்க வேண்டியவர்களின் விரைவே.

நம் நாட்டின் நிலை என்ன? 2004 டிசம்பர் 26 அன்று, சுமாத்திராவில் பூமி அதிர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்தே ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையைத் தொட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. 30,000 க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அதன் பின்னரே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது.

இருபது ஆண்டுகள் கடந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மலையகத்தின் மண்சரிவுகளே பெரும் அழிவை விளைவித்தன. அவ்வேளையில் அவசர அறிவித்தல்கள் பல தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது. 1987 இலேயே அரசியலமைப்பு தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்டது. அந்த உரிமை உயிர் போகும் நேரத்தில் உதவாதெனில் வேறெப்போது உதவும்?

மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்பார்கள். அது ஏற்கத்தக்க விடையன்று. வெள்ளம், மண்சரிவு, புயல், ஆழிப்பேரலை என நம்மைத் தாக்கும் அனர்த்தங்கள் சிலவே. அவற்றுக்கான வாசகங்களை மூன்று மொழிகளிலும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஊரையும் நேரத்தையும் நிரப்புவதே பின்னர் எஞ்சும் வேலை. சிங்கள வாசகம் செல்லும் அதே நிமிடத்தில் தமிழ் வாசகமும் செல்ல வேண்டும். மறுநாள் வரும் மொழிபெயர்ப்பு எச்சரிக்கையன்று, வெறும் செய்தி.

மற்றொன்றும் உண்டு. 2014 இல் மண்ணுள் புதைந்த மீரியபெத்தைத் தோட்ட மக்களுக்கு 2005 இலும் 2011 இலும் ஆபத்து உணர்த்தப்பட்டிருந்தது. வெளியேறு என்று சொல்வது எளிது. லயன் அறையைத் தவிர வேறு கூரையில்லாதவர் எங்கே போவார்? ஆகவே, போகவேண்டிய இடத்தையும் அந்தச் செய்தி சொல்ல வேண்டும். அப்படியோர் இடத்தை ஆயத்தமாக வைத்திருப்பது அரசின் கடமை.

அடுத்த பருவமழை இவற்றுக்காகக் காத்திராது.