வெல்டிங் பழகும் தம்பியும் நமது கௌரவமும்

கடந்த மாதம் எங்கள் வீட்டுக் கேற்றின் பிணைச்சல் அறுந்துவிட்டது. அதனை ஒட்டுவிப்பதற்காக அருகிலுள்ள இரும்பு வேலைத்தளம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். முகமூடியை உயர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தவன் எங்கள் ஒழுங்கைப் பெடியன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். காலையில் ஆங்கில வகுப்பு, பிற்பகலில் நான்கு மணிநேரம் இங்கே பகுதிநேர வேலை.

"அங்கிள், ஒழுங்கையில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நான் கொம்பியூட்டர் பழகப் போறன் எண்டுதான் அம்மா எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா" என்றான்.

அந்த வார்த்தைகள் என்னை வீடுவரை தொடர்ந்து வந்தன.

அவன் அங்கே என்ன கற்றிருக்கிறான்? முதல் மாதம் முழுவதும் கசடு தட்டுவதும் கிறைண்டர் பிடிப்பதும் பூச்சுப் பூசுவதுமே வேலை. பின்னர் 'டக்' வைக்கப் பழகினான். இப்போது நீளமாக ஒட்டுகிறான். 2.5 மில்லிமீற்றர் குச்சிக்கு ஏறக்குறைய 75 அம்பியர், 3.2 மில்லிமீற்றர் குச்சிக்குச் சுமார் 110 என்று மனக்கணக்காகச் சொல்கிறான். மெல்லிய பொக்ஸ் பாரில் கை சற்றுத் தாமதித்தால் ஓட்டை விழும். விரைந்தால் பற்றாமற் போகும். ஒட்டு சரியாக ஓடுகிறதா என்பதை அப்பளம் பொரிவது போன்ற சீரான சத்தத்தைக் கொண்டே அறியலாமாம். எந்தப் பாடப்புத்தகம் இதைச் செவிக்குக் கற்றுக்கொடுக்கும்?

கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைக்குள் நுழைந்தவன் நான். ஆயினும் தொழிலை எனக்குக் கற்பித்தது பல்கலைக்கழகம் அன்று. மூத்த உதவி ஆசிரியர்களின் மேசையருகே நின்று, அவர்கள் என் செய்தியை வெட்டிய வெட்டிலிருந்தே கற்றுக்கொண்டேன். அருகில் நின்று பழகுவதும் கல்விதான். அதனை இழிவாகக் கருதும் உரிமை எனக்கில்லை.

ஆனால் பட்டறைக் கல்வியைப் புகழ்வதோடு நின்றுவிட்டால் அது அரைகுறை நேர்மையாகிவிடும். 'டக்' வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாற் போதும் என்பது நமது பட்டறைகளின் பழக்கம். அந்த ஒளியின் தாக்கம் உடனே தெரிவதில்லை. சில மணிநேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரியும். உருளைக்கிழங்கு வெட்டி வைத்தாற் சரியென்று அவனுடைய முதலாளி சொன்னாராம். நாகம் பூசிய குழாயை ஒட்டும்போது எழும் வெண்புகை குளிர்காய்ச்சலைத் தரும். வெல்டிங் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வகைப்படுத்தியிருக்கிறது. தரமான கண்ணாடியுள்ள முகமூடியும் காற்றோட்டமும் ஆடம்பரங்கள் அல்ல.

அடுத்தது ஊதியம். "பழக வாற பெடியனுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்கும் முதலாளிமார் பலர். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியரை மட்டுமன்றித் தற்காலிக ஊழியரையும் பயிலுநரையும் உள்ளடக்குகிறது. ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, தொழில் தருநரிடமிருந்து 12 என்பது விதி. அவனுக்கு அந்த இலக்கமே கிடையாது. நாளை கையில் காயம்பட்டால் அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் முறை நமது நாட்டில் இருக்கிறது. ஏழு மட்டங்கள்; முதல் நான்கும் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. பட்டறையிற் பழகியவரும் தம் கைத்திறனைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெற வழியுண்டு. வெளிநாடு செல்பவன் வெறும் கூலியாளாகச் செல்வதா, தகைமையுள்ள தொழிலாளியாகச் செல்வதா என்பதை அந்தக் கடதாசியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இத்தனை நாளில் எவரும் அவனிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? மறைக்கப்படவேண்டிய வேலை என்று நாம் கருதும் ஒன்றுக்கு உரிமையும் கேட்கமாட்டோம், சான்றிதழும் தேடமாட்டோம். 2017இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்ததைக் கண்டோம். அவர்களது கோரிக்கையில் நியாயமிருந்தது. ஆயினும், அரச உத்தியோகம் ஒன்றே கௌரவம் என்று தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாமல்லவா? புலம்பெயர்ந்த நாடுகளிலே தொழிற்சாலைகளில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்களின் வியர்வையில் உண்ட சமூகம், உள்ளூரில் அதே வியர்வையைக் கண்டு கூசுகிறது.

பெடியனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று எழுதிக் கொடுத்தேன். சேமலாப நிதியைப் பற்றி முதலாளியிடம் நானே பேசுவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

கேற் இப்போது உறுதியாக நிற்கிறது. வருபவர்கள் ஒட்டைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை, ஆர் செய்தது?" என்று கேட்கிறார்கள். கொடுத்த வாக்குக்காக, "ஒரு கெட்டிக்காரப் பெடியன்" என்று மட்டும் சொல்கிறேன். அவன் பெயரைச் சொல்ல முடியாமலிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.