நிலவு காணாத சித்திரா பௌர்ணமி

மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோட்டத்திற்கு இவ்வாண்டும் சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே அனுமதி என்றும், அந்த ஒரு நாளிலும் காலை 6 மணிக்கு முன்னும் பிற்பகல் 2.30 மணிக்குப் பின்னும் எவரும் ஏறலாகாது என்றும், ஏறியவர் அனைவரும் மாலை 5.30 மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றும் தமிழகம், கேரளம் ஆகிய இரு மாநில உத்தியோகஸ்தர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். சென்ற ஆண்டும் இதே முடிவுதான். அதற்கு முந்தைய ஆண்டும் இதே முடிவுதான். ஆண்டுதோறும் ஒரு கூட்டம் கூடுகிறது. யாத்திரிகர்களின் முறையீடுகள் கேட்டுக்கொள்ளப்படுகின்றன. பிறகு பழைய உத்தரவே புதிய தேதியோடு வெளிவருகிறது. இது வழக்கமாகிவிட்டது என்பதற்காகவே இதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டு வாளாவிருக்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் விவகாரத்தில் கடற்கரையோரத் தேவனாம்பட்டினத்தாராகிய எமக்கு என்ன பாத்தியதை என்று சிலர் வினவக்கூடும். கண்ணகி பிறந்த பூம்புகார், சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து சென்றால் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் அடையக்கூடிய ஊர். எங்கள் கரையும் அவள் கரையும் ஒரே கரை. சித்திரை பிறந்துவிட்டால், வேன் அமர்த்திக்கொண்டு, விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல், தேனி என்று நானூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை இரவோடு இரவாகக் கடந்து குமுளி போய்ச் சேரும் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. விடியுமுன் அங்கே இறங்குகிறவர்கள் முதலில் காண்பது ஜீப்புக்கு நிற்கும் வரிசையை. இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதியில்லை. பரிசோதித்துச் சீட்டு ஒட்டிய ஜீப்புகள் மட்டுமே ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் காட்டுப் பாதையில் மேலும் கீழுமாகப் போய்வருகின்றன. பைகளைத் திறந்து பார்த்துப் பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துவிடுகிறார்கள். அதை நாம் குறை கூறவில்லை, காட்டுக்குள் பிளாஸ்டிக் போகக்கூடாதுதான். ஆனால் ஓராண்டின் கூட்டம் முழுவதையும் எட்டரை மணி நேரத்திற்குள் திணித்துவிட்டு, வரிசை நகரவில்லையே என்று யாத்திரிகரிடம் எரிந்து விழுவதில் என்ன தர்மம் இருக்கிறது?

தேவனாம்பட்டினத்து மூதாட்டி ஒருவர், பேத்தியின் கல்யாணத்திற்காக நேர்ந்துகொண்டு, மஞ்சள் கயிறும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் முந்தானையில் முடிந்துகொண்டு சென்று, வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே மணி இரண்டரை அடித்துவிட்டபடியால் கீழிருந்தே திருப்பி அனுப்பப்பட்டதை எம்மிடம் விவரித்தார். “ஆத்தா மொகத்தைப் பாக்காமலே வளையலைத் திருப்பி எடுத்தாந்துட்டேன் தம்பி, இனி அடுத்த சித்திரைக்கு நான் இருப்பனோ இல்லையோ” என்று அவர் சொன்னபோது பக்கத்திலிருந்த எவரும் பதில் பேசவில்லை. அவருக்கு என்ன சமாதானம் சொல்வது என்பதை அந்த உத்தரவில் கையொப்பமிட்டவர்களே சொல்லட்டும்.

இந்த உத்தரவில் எம்மை மிகவும் வருத்துவது அதன் மாலைக் கெடுதான். விழாவின் பெயர் சித்திரா பௌர்ணமி. பௌர்ணமியன்று சூரியன் மறைய மறையக் கீழ்த்திசையில் சந்திரன் உதயமாகும். கடல்மட்டத்திற்கு மேல் 1300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்க, கிழக்கு நோக்கிய அம்மலை முகட்டில் நின்று பூரண சந்திரோதயத்தைக் காண்பதற்காக அன்றி வேறு எதற்காக முன்னோர்கள் இந்தத் திதியைத் தேர்ந்திருப்பார்கள்? முன்பெல்லாம் விழா பல நாட்கள் நடந்ததென்றும், மக்கள் மலையிலேயே இரவு தங்கி நிலவொளியில் பொங்கலிட்டார்கள் என்றும் அப்பள்ளத்தாக்கின் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ, நிலவு எழுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கையிலேயே, ஒலிபெருக்கியும் விசிலுமாக யாத்திரிகர்கள் கீழே இறக்கப்படுகிறார்கள். சந்திரனை விலக்கிய பௌர்ணமி உற்சவத்தை வேறு எந்தக் கோயிலிலாவது நடத்தத் துணிவார்களா? மாசி மகத்தன்று எங்கள் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகளெல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகையில், கடலில் இறங்காமல் கரையோடு திரும்புங்கள் என்று எவரேனும் உத்தரவிட்டால் மக்கள் பொறுப்பார்களா?

புலிகளின் பெயரால் இந்தத் தடை நியாயப்படுத்தப்படுகிறது. கோட்டத்திற்குச் செல்லும் ஜீப் பாதை பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் அமைந்தது என்பதும், 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அக்காப்பகம் 1978 முதல் அப்பெயரால் காக்கப்பட்டு வருகிறது என்பதும் உண்மையே. புலிக்கு அமைதியான காடு வேண்டும் என்பதில் எமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வண்டு தீண்டாத மலரைப் பறித்து இறைவனுக்குச் சாத்துவதற்காக மரமேறப் புலிக்காலை வரமாகப் பெற்ற வியாக்கிரபாதரைத் தில்லையிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வணங்கி வருகிற எம் மாவட்டத்து மக்களுக்குப் புலியின் மீது பகை இருக்க இயலாது. ஆகவே புலியைக் காட்டி எம்மை வாயடைக்க முயல்வோரிடம் அந்தப் புலியைக் குறித்தே சில கேள்விகள் கேட்க விரும்புகிறோம்.

சபரிமலை எங்கே இருக்கிறது? அதே பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள்தான் இருக்கிறது. அங்கே மண்டலம், மகரவிளக்கு என்று ஏறத்தாழ இரண்டு மாதங்களும், அதன் பிறகு மலையாள மாதந்தோறும் முதல் ஐந்து நாட்களும் நடை திறந்திருக்கிறது. லட்சோபலட்சம் பக்தர்கள், இரவென்றும் பகலென்றும் பாராமல், பம்பையிலிருந்து சன்னிதானத்திற்கு ஏறி இறங்குகிறார்கள். அது நடக்க வேண்டியதே. ஐயப்பன் எமக்கும் தெய்வம். தேக்கடி ஏரியில் ஆண்டு முழுவதும் படகுகள் ஓடுகின்றனவே, அந்த ஏரி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது? 2009 செப்டம்பரில் அங்கே ஒரு படகு கவிழ்ந்து 45 உயிர்கள் மாண்டபோதுகூடப் படகுத்துறை நிரந்தரமாக மூடப்படவில்லை. விதிகள் இறுக்கப்பட்டன, படகுகள் மீண்டும் ஓடின. ராஜஸ்தானத்தின் ரண்தம்போர் காப்பகத்திற்குள், 2013-ல் உலக பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டையும், அதனுள்ளே திரிநேத்திர விநாயகர் ஆலயமும் இருக்கின்றன. பக்தர்கள் நாள்தோறும் சென்று தரிசித்துத் திரும்புகிறார்கள், புலிகளும் அங்கே வாழ்ந்து கொண்டிருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்திற்குள் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள், கட்டுப்பாடு என்பது கதவடைப்பதாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை என்பதை அறிவார்கள். படகில் போகிறவரைப் பொறுத்துக்கொள்ளும் காடு, பாதயாத்திரையாகப் போகிறவரை மட்டும் ஏன் பொறுக்கவில்லை?

கோட்டத்தின் நிலையோ கல்மனத்தையும் கரைப்பது. சாந்தின்றி அடுக்கிய பெருங்கற்களாலான மதில்கள் வயிறு பிதுங்கிச் சரிந்து நிற்கின்றன. வாயிலின் தலைக்கல் தரையில் கிடக்கிறது. கருவறைச் சுவரின் இடுக்குகளில் மரவேர்கள் புகுந்து கல்லைப் பிளந்திருக்கின்றன. 1960-களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார், கோவலனும் கண்ணகியும் நடந்த வழியைத் தேடி நடந்து நடந்து, இந்த வண்ணாத்திப்பாறைக் கோயிலே செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டம் என்று நிறுவ முற்பட்ட நாள்தொட்டு, இதைப் பழுது பார்க்க வேண்டுமென்று எழுதாதவர் இல்லை. செங்குட்டுவனின் தலைநகரான வஞ்சி கருவூரா கொடுங்கல்லூரா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் முடியவில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், தமிழ்க் கல்வெட்டுத் தாங்கிய பழங்கோயில் ஒன்று நம் கண்ணெதிரே கல் கல்லாக உதிர்வதை அந்த விவாதம் நியாயப்படுத்தாது. கோட்டம் எந்த மாநிலத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்ற வழக்கு தீரட்டும், பிறகு செப்பனிடலாம் என்கிறார்கள். எல்லை வழக்கு தீரும்வரை மழை காத்திருக்குமா, வேர் காத்திருக்குமா?

இத்தகைய முடிவுகளை எடுப்போரின் பழைய சரித்திரத்தைப் பார்த்தால் நம்பிக்கை இன்னும் குறைகிறது. உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968-ல் சென்னைக் கடற்கரையில் நாட்டிய கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் மறுபடி தன் பீடத்தில் ஏற 2006 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. 1973-ல் பூம்புகாரில் எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை உப்புக்காற்று அரித்துச் சிற்பங்கள் நிறமிழந்து நின்ற காலமெல்லாம் பாராமுகமாக இருந்துவிட்டு, வெகுகாலம் கழித்தே செப்பனிட முன்வந்தார்கள். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை, சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமை ஸ்தானமாக இருந்தது. ராபர்ட் கிளைவ் அதன் அதிபராக வந்தான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தான். லாலி விட்டுவைத்த மிச்சத்தை நம்மவர்களின் அலட்சியம் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளி கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வரும் பிள்ளைகளிடம், கெடிலக் கரையில் முட்புதருக்குள் நிற்கும் அந்தச் செங்கற்சுவர் என்னவென்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் விழிப்பார்கள். அது அவர்கள் குற்றமன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. 2018 மார்ச் 11 அன்று கம்பம் பள்ளத்தாக்கு அடங்கிய அதே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீக்கு இரையாகி 23 பேர் மாண்டார்கள். தீ பற்றும் பருவத்தில் மலையேறியவர்களைத் தடுத்துக் காக்க வேண்டியவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்ற வினாவுக்கு உருப்படியான விடை கிடைக்குமுன், மலையேற்றப் பாதைகளை மூடினார்கள். பிறகு 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணம் விதித்து, வழிகாட்டிகளை நியமித்துத் திறந்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். பயிற்சி பெற்ற வழிகாட்டி, முன்பதிவு, எண்ணிக்கை வரம்பு என்ற ஏற்பாடுகள் இவர்களுக்குத் தெரியாதவை அல்லவென்று இதிலிருந்து தெரிகிறது. பொழுதுபோக்குக்கு மலையேறுகிறவருக்குச் செய்ய முடிந்ததை, முந்தானையில் வளையல் முடிந்து வருகிற கிழவிக்குச் செய்ய முடியாதா? மனம் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எமக்குத் தென்படவில்லை. ஏழை யாத்திரிகர் பத்திரிகைக்கு எழுதமாட்டார், வழக்குத் தொடுக்கமாட்டார், வரிசையிலிருந்து திருப்பி அனுப்பினால் அழுதுகொண்டு திரும்பிவிடுவார் என்ற தைரியத்தின் மேல்தான் இந்த உத்தரவு ஆண்டுக்காண்டு நிற்கிறது.

தமிழகப் பக்கத்திலிருந்து, லோயர் கேம்பை அடுத்த பளியன்குடி வழியாக, ஏழு கிலோமீட்டருக்கும் குறைவான நடைபாதை ஒன்று கோட்டத்திற்கு ஏறுகிறது. அதைச் செப்பனிட வேண்டுமென்ற கோரிக்கைக்கு எத்தனையோ முறை வாக்குறுதி கிடைத்தது, பாதைதான் கிடைக்கவில்லை. இன்று அப்பகுதியும், 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்த காடாகிவிட்டதென்று சொல்லிக் கோரிக்கையை மறுபடியும் தள்ளிவைக்கிறார்கள். தார் போட்ட சாலையை எவரும் கேட்கவில்லை. கால் வைத்து ஏறும்படியான ஒற்றையடிப் பாதையைத்தான் கேட்கிறார்கள்.

இரு அரசாங்கங்களும், வனத்துறையினரும், தொல்லியல் அறிந்தவர்களும், யாத்திரிகர்களின் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்து, காட்டுக்கும் தீங்கின்றிக் கோட்டத்திற்கும் குறைவின்றி ஓர் ஏற்பாட்டை வகுக்க வேண்டும். நாட்கள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்பதைக் காட்டின் நிலையறிந்தவர்கள் நிதானித்துச் சொல்லட்டும். எதுவாயினும் அது இப்போதுள்ளதைவிட மனிதத்தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். அடுத்த சித்திரைக்கு முன் கூட்டம் கூடும்போது, பழைய உத்தரவின் நகலை எவரும் மேஜையில் வைக்கக்கூடாது. முதலில் அந்த 5.30 மணிக் கெடுவை எடுத்துப் பேசட்டும்.