வீடியோவுக்குத் தேதி போடுங்கள்

ஹாங்காங்கிலிருந்து எழுதுகிறேன்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ மறுபடியும் வந்தது. நம்ம காயல்பட்டினக் கடற்கரைதான், அலை செக்கச்செவேலென்று கரையேறுகிறது, பின்னால் ஒரு சோகப் பாட்டு. மாமா ஒருவர் “அல்லாஹ் காப்பாத்தணும்” என்று போட்டார். இன்னொருவர் “இது பழசுப்பா” என்றார். பேச்சு கல்யாண வீட்டுக்குத் தாவிவிட்டது. எடுத்தது யார், என்றைக்கு, எந்த இடத்தில்? ஒரு விவரமும் இல்லை. நாளைக்கு நிஜமாகவே கடல் சிவந்தாலும் “பழசுப்பா” என்றுதான் தள்ளுவோம்.

மறப்பதும் நமக்குப் பழக்கம்தான். சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காகத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை உச்ச நீதிமன்றம் 2013இல் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2018 மே மாதம் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகுதான் டிவிக்காரர்கள் தூத்துக்குடிக்கு ஓடி வந்தார்கள். உடனே அரசு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது. ஹாங்காங்கில் இருந்த வாப்பாமார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே 30ஆம் தேதி ரஜினி வந்து போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டதாகச் சொன்னார். ஜூன் 7ஆம் தேதி அவர் நடித்த ‘காலா’ வெளியானது. நிலத்துக்காகச் சேரி மக்கள் திரண்டு நிற்கிற கதை! நானும் விசில் அடித்தவன்தான்.

சினிமாவுக்கு வில்லன் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிப்போனதற்கு யார் வில்லன்? சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, வருஷக்கணக்காக வெட்டி எடுத்தது பெரிய காரணம். வெட்டினவர், வாங்கினவர், அந்தச் சுவருக்குள் குடியிருந்தவர் எல்லாரும் நம்ம கரைக்காரர்கள். இதை யார் படமாக எடுப்பார்கள்?

இங்கே ஹாங்காங்கில் குளிக்கிற கடற்கரைகளின் தண்ணீரில் ஈ.கோலை கிருமி எவ்வளவு என்று அரசு சோதித்து, தரம் போட்டு வெளியிடுகிறது. படிக்க ஒரு சுவாரசியமும் இல்லாத பட்டியல். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். எனக்கு இப்போது பிடித்த ஊடகம் அதுதான்.

ஊரில் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போகிற பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பாட்டு வேண்டாம். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். சிங்கித்துறையிலோ கொம்புத்துறையிலோ வலைக்குப் போகிறவர்களிடம் அன்றைய நீவாடு, அதாவது நீரோட்டம், எப்படி என்று கேட்டு அதையும் சேருங்கள். நிறம் வடக்கிலிருந்து வந்ததா, தெற்கிலிருந்தா என்பதற்கு அவர்கள் சொல்லும் நீரோட்டம்தான் துப்பு. அதில்லாத வீடியோவை எந்த அதிகாரியும் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்.

மாதம் ஒருமுறை தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். ஹாங்காங், ஜித்தா, துபாய், கொழும்பு என்று கிடக்கிற நாங்கள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அனுப்புகிறோமே, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதக் கட்டணம் என் பொறுப்பு. பாட்டிலை மட்டும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். கோலா பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.