ஆசிரியர் எங்கே என்று கேட்டால் மட்டும் போதுமா?



மாலை வண்டியில் மான்குர்த் ஸ்டேஷனில் இறங்கி வீடு திரும்பும் நம் தாய்மார்கள், பிள்ளையிடம் முதலில் “சாப்பிட்டாயா?” என்று கேட்பது வழக்கம். இப்போது அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: “இன்னைக்காவது டீச்சர் வந்தாங்களா?” ரேஷன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நம் சங்கத்தைத் தேடி வருகிறவர்கள்கூட, போகும்போது வாசலில் நின்று இந்தக் குறையைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ஆகவே இந்த இதழில் இதைப்பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம்.

நம் வட்டாரத்துத் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பள்ளியின் பெயர் வேண்டாம். பெயரை எழுதினால் பழி ஏதாவது ஓர் ஆசிரியர் தலையில் விழுந்து, விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

நான்காம் வகுப்பு டீச்சர் பேறுகால விடுப்பில் போனார். ஐந்தாம் வகுப்பு சார் வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பப்பட்டார். இரண்டு வகுப்பையும் ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் நடுநடுவே வந்து எட்டிப் பார்த்துக் கொண்டார். முதல் வாரம் பிள்ளைகள் பாடத்தைப் பார்த்து எழுதினார்கள். இரண்டாம் வாரமும் அதே பாடத்தைப் பார்த்து எழுதினார்கள். மூன்றாம் வாரம் ஒரு பதில் ஆசிரியை வந்தார். நல்ல பெண், ஆனால் தமிழ் தெரியாது. கரும்பலகையில் கணக்கை மட்டும் எழுதிப் போட்டார். ஒரு மாதத்தில் அவரும் போய்விட்டார். அடுத்து வந்தவருக்குத் தமிழ் தெரியும், மணிக்கணக்குக்குச் சம்பளம். வகுத்தல் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார். தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவரும் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் ஓராண்டில் வகுத்தலை மூன்று தடவை தொடங்கினார்கள். ஒரு தடவைகூட முடிக்கவில்லை.

இதைக் கேட்டதும் நம்மில் பலர் சொல்லும் தீர்ப்பு இரண்டு. ஒன்று, “வாத்தியார்கள் சோம்பேறிகள், அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள்” என்பது. மற்றொன்று, “பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்பது. இரண்டும் சுலபமான தீர்ப்புகள். இரண்டும் நம்மைத்தான் குழியில் தள்ளும்.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். முன்னறிவிப்பின்றி அரசுப் பள்ளிகளுக்குச் சென்று பார்த்த ஆய்வு ஒன்றை உலக வங்கியையும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் 2005இல் வெளியிட்டார்கள். இந்தியா முழுவதும் சேர்த்து நூற்றுக்கு 25 ஆசிரியர்கள் அன்று பள்ளியில் இல்லை என்றது அது. மராட்டியத்தில் அது சுமார் 15, ஜார்க்கண்டில் 42. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஆசிரியர் குலத்தையே திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. ஆனால் 2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் ஆய்ந்து, பள்ளியில் இல்லாதவர்கள் ஏன் இல்லை என்றும் கேட்டது. எந்தக் காரணமுமின்றி மட்டம் போட்டவர்கள் நூற்றுக்கு 2.5 பேர்தான். மற்றவர்கள் முறையான விடுப்பிலோ, பயிற்சியிலோ, மேலிடம் ஏவிய வேறு வேலையிலோ இருந்தார்கள். அந்த 2.5 பேரை நாம் காப்பாற்றப் போவதில்லை. அவர்கள்மேல் நடவடிக்கை வேண்டும். ஆனால் மற்றவர்கள்?

விடுப்பு தொழிலாளியின் உரிமை. அந்த உரிமைக்காகக் கொடி பிடித்தவர்கள் நாம். பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தி 2017இல் சட்டம் திருத்தப்பட்டபோது மகிழ்ந்தவர்கள் நாம். அதே விடுப்பை ஒரு டீச்சர் எடுத்தால் குற்றம் என்று எந்த வாயால் சொல்வது?

ஏவப்படும் வேலையின் கதை வேறு. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கொரு முறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்த வேலையையும் விடுமுறை நாட்களில், பாட நேரம் அல்லாத நேரத்தில்தான் ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. வகுப்பு நடக்கும் வேளையில் வீடு வீடாகப் படிவத்தோடு அலையும் ஆசிரியரைப் பார்த்தால், “ஏன் வகுப்பில் இல்லை?” என்று அவரைக் கேட்பதைவிட, “இவரை அனுப்பியது யார்?” என்று மேலே கேட்பதே நியாயம்.

நிற்க. நம்மில் பலர் ரயில்வேயில் உழைப்பவர்கள். ஒரு கேள்வி கேட்கிறோம். மோட்டார்மேன் ஒருவர் லீவ் போட்டால் பன்வேல் லோக்கல் நின்றுவிடுகிறதா? ஸ்டேஷன் மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றால் சிக்னல் கொடுக்க ஆளில்லை என்று கேட்டைப் பூட்டுகிறார்களா? இல்லை. மனிதனுக்குக் காய்ச்சல் வரும், அவன் வீட்டில் கல்யாணம் வரும், சாவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, வேலைக்கு வேண்டிய ஆட்களோடு இத்தனை பேர் ‘லீவ் ரிசர்வ்’ என்று சேர்த்தே பணியிடங்களை வகுத்திருக்கிறார்கள். வண்டி ஓட வேண்டும் என்று நினைத்தவன் அப்படித்தான் ஏற்பாடு செய்வான். நம் பிள்ளைகளின் வகுப்பு ஓட வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால் இங்கும் அந்த ஏற்பாடு இருந்திருக்கும்.

ஆக, குறை எங்கே இருக்கிறது? ஆசிரியர் விடுப்பில் போனதில் இல்லை. அவர் போனால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று எவரும் யோசிக்காததில் இருக்கிறது.

இதில் தமிழ் வகுப்பின் துயரம் இரட்டிப்பானது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இது இந்த நகரத்துக்குப் பெருமை, மனமார ஒப்புக்கொள்கிறோம். தொடக்கக் கல்வியைச் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதலே சொல்லிவருகிறது. ஆனால் மராத்தி வகுப்பில் ஆசிரியர் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பலாம். தமிழ் வகுப்புக்கு யாரை அனுப்புவது? தமிழ்ப் பள்ளிகள் சில. அவற்றுக்கிடையே தூரம் அதிகம். ஆசிரியர்களோ அங்கும் மட்டாகத்தான் இருக்கிறார்கள். தமிழ் தெரியாதவரை உட்கார வைத்துவிட்டு ‘ஆள் போட்டாயிற்று’ என்று பதிவேட்டில் எழுதினால், பதிவேடு நிரம்பும்; பிள்ளையின் தலை நிரம்புமா?

பதில் ஆசிரியர்களாக வருகிற இளைஞர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் நம் பகைவர்கள் அல்லர். பலர் நம் தெருவில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள். ஆண்டுக்கணக்காகப் படித்தவரை மணிக்கணக்குக்கு வைத்துக்கொண்டால், மாதச் சம்பளம் தரும் வேலை எங்கே கிடைத்தாலும் அவர் போகத்தான் செய்வார். நிரந்தர வேலைக்குத் தேர்வானவர்களே மராட்டியத்தில் முதல் மூன்றாண்டு ‘சிக்ஷண் சேவக்’ என்ற பெயரில் மதிப்பூதியத்துக்குத்தான் உழைக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் அது 6,000 ரூபாயாக இருந்து, 2023 ஜனவரி முதல்தான் 16,000 ஆனது. நம் சொந்த மண்ணும் இதில் உத்தமம் இல்லை. தமிழ்நாட்டில் 2022இல் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க உத்தரவு வந்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். நிரந்தரப் பணி வேண்டி வழக்கு மதுரை வரை போனது. மலிவாக ஆள் பிடிப்பது என்ற நோய் எல்லாக் கோட்டையிலும் இருக்கிறது.

இனி இரண்டாவது தீர்ப்புக்கு வருவோம். “பிள்ளையை எடுத்துவிடுகிறேன்” என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. நாள் முழுவதும் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கி, இட்லிக் கூடை சுமந்து, நாக்காவில் நின்று கூலிக்குப் போய்ச் சேர்த்த காசைத் தனியார் பள்ளிக் கட்டணத்தில் கொட்டுகிறீர்கள். எங்கள் மனம் வலிக்கிறது. உங்களைக் குறை சொல்ல நா எழவில்லை. ஆனால் அதன் பின்விளைவையும் கேளுங்கள். ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது மாணவர் எண்ணிக்கையை வைத்தே மஞ்சூராகிறது. ஆசிரியர் இல்லை என்று பத்துப் பிள்ளைகள் போனால், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று ஒரு பணியிடம் போகும். பணியிடம் போனால் இன்னும் இருபது பிள்ளைகள் போவார்கள். கடைசியில் ‘தமிழ் படிக்க ஆளில்லை’ என்று எழுதிக் கதவைச் சாத்துவார்கள். கட்டணம் கட்ட வழியுள்ளவன் தப்பித்துக்கொள்வான். டியோனார் குப்பை மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவன் பிள்ளை எங்கே போகும்? 2009ஆம் ஆண்டு மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில், நம் எம்-கிழக்கு வார்டுதான் நகரத்திலேயே கடைசி இடம் பெற்றது என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்மீதும் குற்றம் உண்டு. அதை மறைத்துப் பேசினால் இந்த ஏட்டுக்கு மரியாதை இல்லை. மே மாதம் ஊருக்குப் போகிறோம். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ஜூலை வரை தங்கிவிடுகிறோம். பள்ளிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் “ஒரு நாள் கூலி போகும்” என்று ஒதுங்குகிறோம். சங்கமும் பொங்கல் விழாவுக்கு மேடை போட்ட அளவுக்குப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறோம்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கணக்கு. வாய்ப் புகாருக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நோட்டு போடுவோம். தேதி, வகுப்பில் ஆசிரியர் இருந்தாரா, இல்லையென்றால் என்ன காரணம் சொல்லப்பட்டது, பதிலுக்கு வந்தவர் உண்டா, அவருக்குத் தமிழ் தெரியுமா. இந்த ஐந்தே ஐந்து விவரம். ஆசிரியரின் பெயர் எழுத வேண்டாம். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 பள்ளி நாட்கள், 800 மணி நேரப் பாடம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதில் எத்தனை நாள் நம் பிள்ளைக்குக் கிடைத்தது என்பதை நோட்டு சொல்லும்.

இரண்டாவது, குழு. பள்ளி மேலாண்மைக் குழுவில், அதாவது ‘ஷாலா வியவஸ்தாபன் சமிதி’யில், நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. வாய் திறந்து கேட்கத் தெரிய வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லி முதல் தீர்மானம் போடுங்கள். கூலி போகாது, கூட்டமும் சேரும்.

மூன்றாவது, எழுத்து. ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் காலியாக விடக்கூடாது என்பது 26ஆம் பிரிவு. எட்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஓரிடம் காலி என்றாலே அது பன்னிரண்டரை சதவீதம், சட்டம் மீறப்பட்டாயிற்று. இதை 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், சொன்ன முடிவு சரியில்லாவிட்டால், மாநிலக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு உண்டு. மனுவை மராத்தியில் எழுதித்தரச் சங்கம் பொறுப்பேற்கிறது.

நம் கோரிக்கைகள் நான்கு. தமிழ் வழிப் பள்ளிகளுக்கென்று தமிழ் தெரிந்த விடுப்புக்கால ஆசிரியர்கள், நிரந்தரப் பணியில் வேண்டும். முன்கூட்டியே தெரிந்த நீண்ட விடுப்புக்கு, விடுப்பு தொடங்கும் நாளிலேயே பதில் ஆள் வேண்டும். அந்த ஒருவரே கடைசிவரை இருக்க வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். பாட நேரத்தில் ஆசிரியரை வெளிவேலைக்கு இழுப்பது நிற்க வேண்டும். அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று பள்ளி வாசலில் பலகையில் எழுதிப் போட வேண்டும். இதில் எது ஆசிரியருக்கு விரோதம்? எதுவும் இல்லை. ஆகவே ஆசிரியர் சங்கங்களும் நம்மோடு நிற்க வேண்டும் என்று உரிமையோடு அழைக்கிறோம்.

பக்கத்தில் இருக்கும் சீட்டா கேம்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியை இடித்து அவர்களைக் கொண்டுவந்து சதுப்பு நிலத்தில் விட்டார்கள். அந்த ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, 2018இல் நம்மைப் பிரிந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர், பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலம் குப்பையை எடுத்துப்போய் நகராட்சி அலுவலக வாசலில் போட வைத்தார். தனித்தனியாக முணுமுணுத்தபோது கேளாத காது அன்று கேட்டது.

நாம் கொண்டுபோகப் போவது குப்பை அல்ல; நோட்டுப் புத்தகம். பிள்ளைகள் இழந்த நாட்களின் கணக்கு அதில் இருக்கும். வருகிற ஞாயிறு மாலை சங்கத்தில் நோட்டுகள் வழங்கப்படும். தாய்மார்கள் தவறாமல் வர வேண்டுகிறோம். “டீச்சர் வந்தாங்களா?” என்று பிள்ளையிடம் கேட்டது போதும். கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேட்போம்.