கார்பன் பொனட்டும் கழற்றி வீசிய லொக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் வீட்டில் ஒரு காரும் இருபது வயதில் ஒரு மகனும் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஊரில் இப்போது ஒரு வேலை வேகமாகப் பரவுகிறது. காரின் இரும்பு பொனட்டைக் கழற்றிவிட்டு, கறுப்புக் கட்டம் தெரியும் ‘கார்பன்’ பொனட் போடுவது. முன்னால் லிப், பின்னால் ஸ்பொய்லர். கராஜுக்குப் போவதில்லை, வீட்டு முற்றத்திலேயே நடக்கிறது. யூடியூப் பார்த்து, ரெசினும் ஷீட்டும் வாங்கி, கிரைண்டரைப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டு, இரண்டு வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில் முடித்துவிடுகிறார்கள். பிறகு வீடியோ. அதற்குக் கீழே “மாஷா அல்லாஹ், சுப்பர் மச்சான்” என்று ஒரு நீண்ட வரிசை.

முதலில் பெரியவர்களோடு ஒரு வார்த்தை. “வீண் விரயம், உருப்படாத பொடியன்கள்” என்று பள்ளி வாசலில் நின்று பேசுகிறீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. 2020 மார்ச்சில் இந்த நாட்டில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து வருடம்! அந்த ஐந்து வருடத்தில் ஒரு பழைய வேகன் ஆர் வாங்குவதற்கே காணியை விற்க வேண்டியிருந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அப்படியிருக்க, வாப்பா வாங்கிய பழைய காரைப் புதிதுபோல ஆக்கிப் பார்க்க ஒரு பிள்ளை ஆசைப்படுவதில் என்ன பிழை? வகுப்பில் சதவீதக் கணக்கு வராது என்று நாங்கள் ஓரமாய் உட்கார வைத்த பிள்ளை, ரெசினுக்கு ஹார்ட்னரை டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் நிறுக்கிறான். கையால் ஒரு பொருளைச் செய்து பார்க்கிற ஆசை எங்கள் பிள்ளைகளிடம் மிச்சமிருப்பதே பெரிய விஷயம். அதை ஏசிக் கெடுக்காதீர்கள்.

இனி தம்பிமாரோடு. கண்ணுக்குத் தெரிகிற பாதியை மினுக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பாதியை, அதாவது உங்களை உயிரோடு வைத்திருக்கிற பாதியை, கழற்றிக் கோழிக்கூட்டுப் பக்கம் வீசுகிறீர்களே, அதற்கு நான் முழு எதிரி.

பொனட் லொக்கை எடுங்கள். கம்பனி லொக் இரண்டு கட்டம். உள்ளே இருந்து இழுத்தால் முதல் கட்டம் விடும்; பிறகும் பொனட் முழுதாகத் திறக்காது, விரலை விட்டு ஒரு கொக்கியைத் தள்ள வேண்டும். அந்தக் கொக்கி சும்மா வைத்ததல்ல. முதல் லொக் ஓட்டத்தில் விட்டுப்போனாலும் பொனட் எழும்பாமல் பிடிப்பது அதுதான். நீங்கள் செய்த பொனட்டில் அந்த லொக்கின் கம்பியை எதில் பூட்டியிருக்கிறீர்கள்? மூன்று மில்லிமீற்றர் ஃபைபரில் இரண்டு தகர ஸ்குரூ. சிலர் அதுவும் இல்லாமல், ஒன்லைனில் வாங்கிய இரண்டு பொனட் பின்னை மட்டும் குத்திவிட்டு லொக்கையே கழற்றிவிட்டார்கள். “ரேஸ் காரிலும் இப்படித்தான் சேர்” என்கிறார்கள். ரேஸ் காரில் அந்தப் பின் ஊன்றி நிற்கிற இடத்துக்குக் கீழே உரம் கொடுத்த தட்டு இருக்கும். ஓட்டத்துக்கு முன்னே அதைச் சரிபார்க்க ஆள் இருக்கும். அந்தப் பாதையில் எதிரே உருளைக்கிழங்கு லொறி வராது.

எங்கள் பாதையில் வரும். பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவிரவாக லொறி வருகிற ஊர் இது. ஏ9, ஏ6 இரண்டும் சந்திக்கிற இடம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது சின்னக் கணக்கு: 40இல் போகும்போது பொனட்டைத் தள்ளுகிற காற்று, 80இல் நாலு மடங்காகத் தள்ளும். ஹபரணை நேர் ரோட்டில் யாரும் 40இல் போவதில்லை. பொனட் பிடுங்கிக்கொண்டு முன் கண்ணாடியில் அடித்தால் ஓட்டுகிறவனுக்கு ரோடே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கூட்டாளி அல்ல. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற உம்மா.

பம்பர் கதை இதைவிட மோசம். வெளியே தெரிகிற பிளாஸ்டிக் வெறும் மூடி. அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் இருக்கும், பல கார்களில் அதற்கு முன்னே ஃபோமும் இருக்கும். மோதும்போது அடியை வாங்கி இரண்டு பக்கமும் பகிர்ந்து கொடுப்பது அந்தச் சட்டம். புது லிப் சரியாக உட்காரவில்லை என்று அதை அறுத்து எடுக்கிறார்கள். அதே இடத்தை அண்டித்தான் பல கார்களில் ஏர்பேக்குக்குச் செய்தி சொல்கிற சென்சரும் இருக்கிறது. அதைக் கழற்றி வயரைச் சுற்றிக் கட்டிவிட்டு, டேஷ்போர்டில் எரிகிற சிவப்பு லைட்டுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியதை நானே பார்த்தேன். லைட்டை மறைத்தால் ஏர்பேக் வேலை செய்யுமா தம்பி?

சரி, போட்டதாவது கார்பனா? பெரும்பாலும் இல்லை. மேலே ஒரே ஒரு கார்பன் துணி, கீழே மூன்று நாலு அடுக்கு சாதாரண ஃபைபர் கிளாஸ், நடுவில் தாராளமாக ரெசின். சிலது அதுவும் இல்லை, வெறும் ஸ்டிக்கர். விற்கிறவர் ‘கார்பன்’ என்று சொல்லி அதன் விலையை வாங்குகிறார். வியாபாரத்தில் குறையை மறைத்து விற்பதைப் பற்றி எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நிறை குறையும் என்பார்கள். ஒரு சின்னக் காரின் இரும்பு பொனட் சுமார் 10 கிலோ. உண்மையான கார்பனில் திறமையாகச் செய்தால் பாதி குறையலாம். மிச்சம் 5 கிலோ, எங்கள் சந்தையில் ஒரு பூசணிக்காய். கார் முழுவதும் 800 கிலோ. ரெசினை அள்ளி ஊற்றிய பொனட்டோ, கழற்றிய இரும்பைவிடப் பாரமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தப் பொருளின் குணத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றுக்கும் அடி. கார்பன் நார் ஒன்றின் தடிப்பு சுமார் 7 மைக்ரோன், தலைமுடியில் பத்தில் ஒன்று. பெரும்பாலும் அதைச் செய்வது, குளிருக்குப் போடுகிற அக்ரிலிக் கம்பளி நூல் இருக்கிறதே, அந்த இனத்து நூலைக் காற்றில்லாமல் கடும் சூட்டில் கரியாக்கித்தான். இழுத்தால் இரும்பைவிட உறுதி. ஆனால் இரும்பு முறிவதற்கு முன் வளையும், நசுங்கும், சத்தம் போட்டு எச்சரிக்கும். கார்பன் பெரும்பாலும் வளையாது, ஒரேயடியாக உடையும். உடைந்த விளிம்பு பிளேட். அதனால் நார் எந்தத் திசையில் கிடக்கிறது, அடுக்குகளுக்கு நடுவே காற்றுக் குமிழி இருக்கிறதா, எந்தச் சூட்டில் இறுகியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே தெரிகிற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

1981இல் மெக்லாரன் கம்பனி கார்பனால் உடல் செய்த முதல் ஃபோர்முலா வன் காரை ஓட விட்டது. “உடைந்து தூளாகும்” என்று பலர் பயந்தார்கள். அதே வருடம் இத்தாலியின் மொன்சாவில் ஜோன் வொட்சன் பயங்கரமாக மோதினார். என்ஜின் தனியே பிய்ந்து போனது. அவர் நடந்து வெளியே வந்தார். அந்த உடலைச் செய்தவர்கள் விமான, ரொக்கெட் வேலை தெரிந்தவர்கள். அழுத்தமும் சூடும் அளந்து கொடுக்கிற அடுப்பில் இறுக்கியது.

மறுபக்கம் 2023 ஜூன் 18. டைட்டானிக்கைப் பார்க்க இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி. அதன் உடலும் கார்பன்தான். ஐந்து பேர் போனார்கள். அதில் ஒரு பாகிஸ்தானிய வாப்பாவும் அவருடைய 19 வயது மகனும். அப்போது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டோம், ஞாபகம் இருக்கும். துறை தெரிந்தவர்கள் 2018இலேயே எச்சரித்திருந்தார்கள். பரிசோதனையும் சான்றிதழும் புதுமைக்குத் தடை என்று அந்தக் கம்பனிக்காரர் நினைத்தார். அவரும் அதற்குள்ளேயே இருந்தார். தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் அறிக்கை 2025 ஓகஸ்டில் சொன்னது. கடலடி அழுத்தமும் கார் பொனட்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் “ஒன்றும் ஆகாது மச்சான்” என்கிற வார்த்தை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தம்புள்ளை வெயிலையும் கணக்கில் எடுங்கள். வீட்டில், அறைச் சூட்டில் இறுகுகிற சாதாரண எப்பொக்ஸி 50, 60 பாகையைத் தாண்டினால் இளகத் தொடங்கும். பகல் வெயிலில் நிறுத்திய கறுப்பு பொனட் 70ஐத் தாண்டும், கீழே என்ஜின் சூடு வேறு. இரண்டு மாதத்தில் பொனட் நெளிந்து, இடைவெளி விழுந்து, லொக் சரியாக விழாமல் போவது அதனால்தான். வெயில் தாங்குகிற லெக்கர் அடிக்காவிட்டால் மஞ்சளாகும். கார்பனை நேராக அலுமினியத்தோடோ சாதாரண இரும்பு போல்ட்டோடோ பூட்டினால், மழை ஈரத்தில் அந்த உலோகம் அரித்துப் போகும். இவ்வளவும் வீடியோவில் வராது. வீடியோ முதல் நாளோடு முடிந்துவிடுகிறது.

தாய்மாருக்கு ஒன்று. உங்கள் பிள்ளை முற்றத்தில் ஃபைபரை அரைக்கும்போது மூக்கில் கட்டியிருப்பது கைலேஞ்சி என்றால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகும். உள்ளே விளையாடுகிற சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். தூசுக்கு என்று செய்த, முகத்தில் இறுக்கமாக உட்காருகிற மாஸ்க் வேண்டும். ரெசின் வாடைக்கு அதற்கான ஃபில்டர் வேறு. பொலியெஸ்டர் ரெசினுக்கு விடுகிற ஹார்ட்னர் தண்ணீர் போலவே இருக்கும். கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். அதை யோகட் கோப்பையிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்க விடாதீர்கள். ஊதா நிறத்தில் வருகிற கோபால்ட்டையும் அந்த ஹார்ட்னரையும் நேராக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்து முடித்த பிறகுதான் மற்றது. எப்பொக்ஸியை ஒரே கோப்பையில் அரை லீட்டர் கலந்து வைத்தால், அது தானாகச் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

“பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறார்கள். 2025 ஜனவரியில் ‘க்ளீன் ஸ்ரீ லங்கா’ தொடங்கியபோது, பஸ்ஸிலும் த்ரீவீலிலும் மேலதிகமாகப் பூட்டியதையெல்லாம் பொலிஸார் கழற்றச் சொன்னார்கள். எவ்வளவு சண்டை! அப்போதும் அவர்கள் பார்த்தது வெளியே தொங்குகிறதை. நமது தனியார் காருக்கு வருட லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனையும் இன்ஷூரன்ஸும் இருந்தால் போதும். பொனட்டைத் தூக்கி லொக் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் பார்ப்பார், விபத்துக்குப் பிறகு. அறிவிக்காமல் செய்த மாற்றம் என்று ஒரு வரி எழுதினால் உம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் அடுத்தவன் காரைத் திருத்திக் கொடுக்க வேண்டி வரும்.

“அப்போ என்ன செய்யச் சொல்றீங்க சேர்?” என்று உள்பெட்டியில் கேட்கிறார்கள். ஸ்பொய்லர், கண்ணாடி மூடி, உள்ளே டேஷ்போர்ட் துண்டு — பழகுவதற்கு இவை போதும். பிழைத்தால் பணம்தான் போகும். பொனட் செய்தே தீருவேன் என்றால், லொக்கின் கம்பி பூட்டுகிற இடத்திலும் ஹிஞ்சிலும் உள்ளே உலோகத் தட்டு வைத்து அடுக்குங்கள். கம்பனி லொக்கை வைத்துக்கொண்டு, பின்னை அதற்கு மேலதிகமாகப் போடுங்கள். பம்பர் சட்டத்தையும் சென்சரையும் தொடவே வேண்டாம். லிப் உட்காராவிட்டால் லிப்பை வெட்டுங்கள். செய்து முடித்ததை அனுபவமுள்ள டின்கரிங் பாஸ் ஒருவரிடம் காட்டி, “பிழை சொல்லுங்க” என்று கேளுங்கள். பாராட்டுக் கேட்டுப் போகாதீர்கள்.

பாடசாலைக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவு உயர்தரத்தில் 2013இல் வந்தது. பொருட்களின் குணத்தை நோட்டில் எழுதிப் பாடமாக்குகிற பிள்ளை, அதை உடைத்துப் பார்க்க ஒரு மேசை கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்? அவன் யூடியூபிடம் போகாமல் யாரிடம் போவான்? ஊரில் ஃபைபர் வேலை தெரிந்த நானாமார் இருக்கிறீர்கள். ஒரு சனிக்கிழமை தருவீர்களென்றால், இடமும் பிள்ளைகளும் என் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ். கீழே பெயரைப் போடுங்கள்.

லொக்கைக் கழற்றிய தம்பிமார் அதை இன்னும் எறிந்திருக்க மாட்டீர்கள். எங்காவது ஒரு பெயின்ட் டின்னுக்குள் கிடக்கும். இன்றிரவு கார் எடுக்கும் முன் தேடிப் பாருங்கள்.