142 அடிக்குத் திரண்ட நாம் கழிவுநீருக்குத் திரளாதது ஏன்?

2011 டிசம்பரை கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் மறந்திருக்க முடியாது. முல்லைப் பெரியாறு அணைக்கு ஆபத்து வந்துவிட்டது என்றதும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர் ஊராக மக்கள் குமுளி நோக்கி நடந்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. சாதி, மதம் பார்க்காமல் வீட்டுப் பெண்கள் உட்பட அனைவரும் தெருவுக்கு வந்தார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, அணை அந்த அளவைத் தொட்டது. நம் பகுதியின் பொது வாழ்வில் அதைவிடப் பெரிய வெற்றி சமீப காலத்தில் இல்லை.

அப்படிப் போராடிப் பெற்ற தண்ணீர் லோயர் கேம்பைத் தாண்டியதும் என்ன ஆகிறது? கரையோர ஊர்களின் சாக்கடைகள் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் கலக்கின்றன என்ற புகார் பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. பாலங்களின் அடியில் குப்பையும் இறைச்சிக் கழிவும் கிடப்பது பேருந்தில் போகிறவர் கண்ணுக்கே தெரிகிறது. இதற்காக நம்மில் எத்தனை பேர் ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோம்? தண்ணீரின் அளவுக்காக ஒரு பள்ளத்தாக்கே எழுந்து நின்றது. அதே தண்ணீரின் தரத்துக்காக ஒரு தெருகூட எழவில்லை. இந்த முரண்பாட்டைத்தான் இக்கட்டுரை பேச விரும்புகிறது.

ஆறு ஒன்று, எல்லைகள் பல

தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர், சின்னமனூர் ஆகிய 6 நகராட்சிகளும், 22 பேரூராட்சிகளும், 130 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 18 பணிகளை நகர உள்ளாட்சிகளுக்கு உரியவை என்று பட்டியலிட்டது. குடிநீர் வழங்கல், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவை அதில் அடக்கம். கிராமங்களுக்கு 73-ஆவது திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இருக்கின்றன. எனவே 'இது யார் வேலை?' என்ற கேள்விக்குச் சட்டத்தில் குழப்பம் இல்லை.

குழப்பம் நடைமுறையில்தான். ஒவ்வொரு மன்றமும் தன் எல்லைக்குள் தெரு சுத்தமாக இருக்கிறதா, சாக்கடை தேங்காமல் ஓடுகிறதா என்று பார்க்கிறது. சாக்கடை ஊர் எல்லையைத் தாண்டி ஆற்றில் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கு. ஆற்றுக்கு அந்த எல்லை தெரியாது. கூடலூர் விடுவது கம்பத்துக்கு வருகிறது. கம்பம் விடுவது உத்தமபாளையத்துக்குப் போகிறது. அங்கிருந்து சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று சேர்ந்துகொண்டே போய் வைகை அணையில் நிற்கிறது. வழிநெடுக ஊர்களின் குடிநீருக்கும் இரு போக நெல்லுக்கும் இதே ஆறுதான் ஆதாரம்.

அளவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்குப் போடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கம்பம் நகரத்தில் ஏறத்தாழ 68 ஆயிரம் பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்குக் குழாய் நீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் பயன்படும் அளவுகோல். அப்படிப் பார்த்தால் 47 லட்சம் லிட்டருக்கு மேல் வீடுகளுக்குள் போகிறது. வீட்டுக்குள் போகும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் பொதுவான கணிப்பு. அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர். ஒரே ஓர் ஊர், ஒரே ஒரு நாள், அதுவும் பழைய மக்கள்தொகைக்கு! ஆற்றோரத்தின் மற்ற ஊர்களையும் கூட்டிப் பாருங்கள்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை

கழிவுத்தொட்டிகளை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், எடுத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்ற வழிகாட்டுதலைத் தமிழ்நாடு அரசு 2014-லேயே வெளியிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது.

மத்திய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் விரிவாகப் பேசின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று ஒவ்வொரு வீடும் பிரித்துத் தர வேண்டும். குப்பையைத் தெருவிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. அனுமதி பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துபவர், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. நம் வீட்டுத் திருமணங்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

விதி தோற்பதற்குப் பொதுமக்கள் மட்டும் காரணமல்ல. வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் ஒன்றாகக் கொட்டப்பட்டால் அடுத்த வாரம் யாரும் பிரிக்க மாட்டார்கள். கழிவுநீர் ஊர்திக்குக் கொட்டும் இடம் பக்கத்தில் இல்லையென்றால் அது இரவில் ஓடையைத் தேடும். பொதுவாகவே நம் உள்ளாட்சிகளுக்குச் சொந்த வருமானம் குறைவு. மாநில, மத்திய அரசுகளின் நிதி இல்லாமல் ஒரு சிறு நகராட்சி தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட முடியாது. ஆகவே விடிவதற்கு முன் தெருவுக்கு வந்துவிடும் தூய்மைப் பணியாளர்களையோ, வார்டு உறுப்பினரையோ மட்டும் திட்டித் தீர்ப்பதில் நியாயமில்லை. ஆற்றோர ஊர்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே திட்டம் வேண்டும் என்று மேலே கேட்க வேண்டும். அந்தக் குரல்தான் இங்கே இல்லை.

கேட்க வேண்டிய இடம்

குரல் கொடுக்க வேண்டிய மன்றங்களின் நிலையையும் பார்க்க வேண்டும். தேனி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஊராட்சித் தலைவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க முடிந்த கேள்வியை, தனி அலுவலரிடம் மனுவாக எழுதித்தான் கேட்க வேண்டும். 2022 பிப்ரவரி 19-ல் வாக்களித்து நாம் அமைத்த நகர்மன்றங்களின் ஐந்தாண்டுக் காலமும் 2027 தொடக்கத்தில் நிறைவடைகிறது.

பிரதிநிதி இல்லாவிட்டாலும் சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கு உரியவை. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. இந்தக் கூட்டங்களில் நம் சமுதாயத்தினர் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதை ஒவ்வொரு முஹல்லாவும் எண்ணிப் பார்க்கட்டும். தேர்தல் நேரத்தில் மட்டும் கேட்கும் கோரிக்கை, தேர்தலோடு போய்விடும்.

மேல்மடைக்காரர் கடமை

ஆற்று நீர் விஷயத்தில் இரண்டு நிலைகள் உண்டு: ஒருவர் மேல்மடை, ஒருவர் கீழ்மடை. கேரளத்தோடு பேசும்போது நாம் கீழ்மடைக்காரர்கள். அதனால் உரிமையைப் பேசுகிறோம், அது சரியே. மதுரையோடும் சிவகங்கையோடும் ராமநாதபுரத்தோடும் பேசும்போது நாம் மேல்மடைக்காரர்கள். அங்கே பேச வேண்டியது கடமை.

2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவுகள் நெல்லை மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டபோது தமிழகமே கொதித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். அடுத்தவர் கழிவு நம் வாசலுக்கு வரக் கூடாது என்பது நியாயம். அந்த நியாயம் நம் சாக்கடைக்கும் பொருந்தும்.

மதீனாவின் ஹர்ரா பகுதியில் ஓடிய வாய்க்கால் நீரைப் பற்றி ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் ஏற்பட்ட வழக்கு புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேல்மடையில் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்ப்பு, தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு நீரை அண்டைத் தோட்டத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பதே. மேல்மடைக்காரருக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் கீழே இருப்பவரின் பங்கு அவர் கையில் உள்ள அமானிதம். நீர்த்துறைகளில் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக எச்சரித்ததையும் இத்துடன் சேர்த்துப் பார்த்தால், அளவைப் போலவே தரமும் அந்த அமானிதத்தில் அடங்கும் என்பது விளங்கும்.

இதில் நமக்கே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மதுரை மாநகருக்காக லோயர் கேம்பிலிருந்தே நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் நீரைக் குழாயில் கொண்டுபோகும் திட்டம் வகுக்கப்பட்டது. பள்ளத்தாக்கு விவசாயிகள் பாசனம் பாதிக்கும் என்று எதிர்த்தார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். குழாயில் போகும் நீரில் நம் சாக்கடை கலக்காது. ஆற்றில் மிஞ்சுவது குறையக் குறைய, அதில் கலக்கும் கழிவின் விகிதம் கூடும். அதைக் குடிக்கப்போவது கரையோரத்தில் வாழும் நம் பிள்ளைகள்தான்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியதைக் கேட்கும் தகுதி, நம்மால் முடிந்ததைச் செய்தால்தான் வரும். மூன்று காரியங்களுக்கு அரசாணை தேவையில்லை.

முதலாவது, குர்பானி. தோல் போக மிஞ்சும் குடலும் இரத்தமும் வாய்க்காலுக்குப் போகக் கூடாது. ஈதுக்கு ஒரு வாரம் முன்பே ஜமாஅத் நிர்வாகம் நகராட்சி சுகாதாரப் பிரிவைச் சந்தித்து, வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று முடிவு செய்து, ஜும்ஆவில் அறிவித்துவிடலாம். வண்டி வராத கிராமங்களில் நீர்நிலைக்குத் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

இரண்டாவது, வலீமா. பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் பூசிய தாள் விரிப்பும் இல்லாத விருந்தை ஜமாஅத் விதியாகவே வைக்கலாம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இலைக்கா பஞ்சம்? எவர்சில்வர் டம்ளர் ஐநூறு வாங்கி பள்ளிவாசலில் வைத்துவிட்டால் முஹல்லா முழுவதும் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, உளூத் தண்ணீர். ஒரு பள்ளியில் நாளொன்றுக்கு 500 முறை உளூச் செய்யப்படுகிறது, ஒரு முறைக்கு 5 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 2,500 லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. குழாயைச் சிறிதாக்கினால் பாதி மிச்சம். மீதி நீர் கழிப்பறை நீரோடு சேராமல் தனிக் குழாயில் தென்னை, வாழைக்குப் போகலாம்.

இவற்றைச் செய்துகொண்டு, அடுத்த பகுதி சபையிலும் கிராம சபையிலும் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுப்போம். நம் ஊர்ச் சாக்கடை ஆற்றில் எத்தனை இடங்களில் சேர்கிறது? அவற்றைத் தடுத்துச் சுத்திகரிக்க என்ன திட்டம், எந்த ஆண்டுக்குள்? நம் ஊரில் எடுக்கப்படும் கழிவுத்தொட்டிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது? பதில் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகும்வரை கேட்போம். கூடலூரிலிருந்து தேனிவரை ஆற்றோர ஊர் ஜமாஅத்துகள் ஒரே மனுவைக் கொடுத்தால், கோயில் நிர்வாகங்களும் சர்ச்சுகளும் விவசாய சங்கங்களும் உடன் வராமல் இருக்க மாட்டார்கள். 2011-ல் வந்தவர்கள்தானே?

குமுளி மலை ஏறுவதற்கு அன்று நாம் பட்ட சிரமத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டியதில்லை. நம்மைக் கடந்து போகும் நீர், வந்தபோது இருந்த தூய்மையோடு அடுத்த ஊருக்குச் சேர வேண்டும். அதற்கான எண்ணத்தையும் ஒற்றுமையையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.